பதினெட்டாம் வருஷத்து ரயில்

பள்ளிக்கூட மண்டபத்தின் உயரமான ஜன்னல் வழியே மாலை வெயில் சரிந்து, சுவரில் மாட்டிய மாநில வரைபடத்தின் பாதியை வெளிறச் செய்கிறது. இருபத்தைந்து ஆண்டுப் போக்குவரத்துத் திட்டத்துக்கு மக்களிடம் கருத்துக் கேட்க வந்திருக்கும் அதிகாரிக்கு இது பதினோராவது ஊர். நூறு நாற்காலிகளில் நான்கு பேர். அதிலும் ஒருவர் தூங்குகிறார். காலையிலிருந்து பேசிப் பேசி அதிகாரிக்குத் தொண்டை கட்டிப்போயிருக்கிறது. துணிப்பையும் கையுமாக ஓர் அம்மாள் முன்னால் வந்து, வரைபடத்தின் பச்சைக் கோட்டில் விரல் வைக்கிறாள்.

"இது என்ன சார்?"

"ரயில் பாதைம்மா. உங்க ஊர் வழியாத்தான் போகுது. திட்டத்தோட பதினெட்டாவது வருஷம் ஓட ஆரம்பிச்சிடும்."

"நல்லா ஓடட்டும். என் வீட்டுக்காரருக்கு வாரம் மூணு தடவை டயாலிசிஸ். போன மாசம் காலை பஸ்ஸை நிறுத்திட்டாங்க. நாளைக்கு எதுல கூட்டிட்டுப் போறது?"

பஸ் வேறு துறை, அங்கே மனு கொடுங்கள் என்று பத்து ஊர்களில் சொன்ன பதில் நாக்கு நுனிவரை வருகிறது. இன்று அதைச் சொல்ல அவருக்குத் தெம்பில்லை. ஒரு நாற்காலியை இழுத்து அவளை உட்காரவைத்து, தானும் எதிரில் உட்கார்ந்து, பஸ் டிப்போ மேலாளரைப் போனில் அழைக்கிறார். மணி அடித்து அடித்து ஓய்கிறது. மறுபடி அழைக்கிறார்.

"எடுக்க மாட்டாங்க சார். நானும் தினம் அடிச்சுப் பார்க்கிறேன்" என்கிறாள் அவள், அவருக்கு ஆறுதல் சொல்வதுபோல.