மந்திரிக்கு விழுந்த ஓட்டு

“எனக்கு விழுந்தது ஒரே ஒரு ஓட்டு, மேரே. நீ யாருக்குப் போட்ட?”

தெபானோ குரலை உயர்த்தவில்லை. அதுதான் மேரேவுக்குப் பயமாக இருந்தது. மீன் அரிந்துகொண்டிருந்த கத்தியைக் கீழே வைத்தாள்.

சற்றுமுன்தான் ஊர் மண்டபத்தில் எம்.பி. தேர்தல் ஓட்டுகளை எண்ணி முடித்திருந்தார்கள். தீவில் மொத்தமே இருநூற்றுப் பன்னிரண்டு ஓட்டு. பள்ளிக்கூட வாத்தியார் யோதேபா, கல்யாணம் ஆகாத தனிக்கட்டை, அவனுக்கு இருநூற்றுப் பதினொன்று. பசிபிக் கடலின் கிரிபாஸ் நாட்டுக்கு எட்டு வருஷம் போக்குவரத்து மந்திரியாக இருந்த தெபானோவுக்கு ஒன்று. முடிவைப் படித்த அதிகாரியே நம்பாமல் பெட்டியைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தார். இங்கே எம்.பி. பதவி போனால் மந்திரி பதவியும் கூடவே போய்விடும். பாயில் உட்கார்ந்திருந்த ஒருத்தராவது தெபானோவை நிமிர்ந்து பார்க்க வேண்டுமே, ம்ஹூம்.

“அந்த ஒண்ணும் நானே போட்டுக்கிட்டதாம். ஊர் பேசுது. அப்ப வீட்டுக்காரி ஓட்டு எங்கேன்னு சிரிக்கிறாங்க” என்றார்.

பொய் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் பார்த்தாள். இருபத்தாறு வருஷம் கூட வாழ்ந்த மனுஷனிடம் நாக்கு புரளவில்லை.

“யோதேபாவுக்கு. நான் மட்டுமில்ல, ஊரையே போடச் சொன்னதும் நான்தான்.”

வீடு வீடாகப் போய் புபுசி கேட்டிருந்தாள். இந்தத் தீவுகளில் உறவுக்காரர் ஒருவர் வாசலில் வந்து ‘புபுசி’ என்று சொல்லி எதைக் கேட்டாலும் கொடுத்தாக வேண்டும். சட்டையைக் கேட்டால் சட்டை, படகைக் கேட்டால் படகு. இல்லையென்று சொன்னவன் அப்புறம் ஊரில் தலைகாட்ட முடியாது. இருநூற்றுச் சொச்சம் ஓட்டுள்ள தீவில் உறவுக்காரர் இல்லாதவர் யார்?

கப்பல் கேப்டனாக இருந்தவரை தெபானோவுக்கு இதெல்லாம் பெரிய தொல்லையாக இல்லை. மந்திரியானதும் பிடித்தது சனி. தலைநகர் தராவாவில் வீடு நிறைய விருந்தாளிகள். ஒருத்தருக்குக் கப்பலில் இடம் வேண்டும், இன்னொருத்தருக்கு விமானத்தில். ஒருநாள் சித்தப்பா ஒருவர் செருப்பைக் கேட்டார் என்று மந்திரி வெறுங்காலோடு பார்லிமென்ட்டுக்குப் போனார். சரக்குக் கப்பலின் எஞ்சின் கெட்டு வெளித்தீவுகளுக்கு ஐந்து வாரம் மாவும் அரிசியும் போகாதபோது, நாடே ரேடியோவில் அவரை வறுத்தெடுத்தது. என்னமோ அவர்தான் எஞ்சினைக் கடலில் தூக்கிப் போட்ட மாதிரி.

போன மார்ச்சில் அலுவலகத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். இன்னொரு தடவை வந்தால் தாங்காது, வேலையை விடுங்கள் என்றார் டாக்டர். அப்பாடா, ஊருக்குப் போய்ச் சேரலாம் என்று மேரே மூட்டை கட்டினாள். வந்து இறங்கிய அன்றைக்கே ஊர்ப் பெரியவர்கள் கூடிவிட்டார்கள். புபுசி, இன்னும் நாலு வருஷம் எங்களுக்காக நில்லு என்றார்கள். இந்த மனுஷனும் தலையைக் குனிந்துகொண்டு சரி என்றார்.

“அவங்க கேட்டா நீங்க மறுக்கக் கூடாது. சரி. நான் கேட்டா மட்டும் அவங்க மறுத்துடுவாங்களா? உங்கள நிக்கச் சொன்ன பெரியவங்க வீட்டுக்குத்தான் முதல்ல போனேன். ஓட்டு யோதேபாவுக்குன்னு கேட்டேன், வெளிய மூச்சு விடக் கூடாதுன்னும் கேட்டேன். உங்க மானம் போச்சு. உயிரு இருக்கு. எவ்வளவு வேணா திட்டுங்க, கேட்டுக்கறேன்.”

தெபானோ அவள் பக்கத்தில் பொத்தென்று உட்கார்ந்தார். தோள் குலுங்கியது. மறுபடியும் நெஞ்சுவலியோ என்று பதறிப்போய்ப் பிடித்தாள். மனுஷன் சிரித்துக்கொண்டிருந்தார்.

“கப்பலப் பார்த்தாலே வாந்தி எடுக்கறவன் யோதேபா. அவன் ஏன் எலெக்‌ஷன்ல நின்னான்னு நீ யோசிக்கவே இல்லையா? நான்தான் போய்க் கேட்டேன். புபுசி, எனக்கு எதிரா நில்லுடா தம்பின்னு. நிக்கறேன்னுதானே பெரியவங்களுக்கு வாக்குக் கொடுத்தேன், ஜெயிக்கறேன்னா சொன்னேன்?”

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?”

“மந்திரி பெண்டாட்டின்னு சந்தோஷமா இருக்கியேன்னு நினைச்சேன்.”

“யாரு, நானா!”

எட்டு வருஷமாக அடைத்து வைத்திருந்த மூச்சு அப்போதுதான் வெளியே வந்தது. இனி கப்பல் வந்தாலும் வராவிட்டாலும் யாரும் இந்த வாசலில் வந்து நிற்கமாட்டார்கள். மேரே கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு டம்ளர் தென்னம்பதநீர் ஊற்றிக் கொடுத்தாள். ஊர் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும், உங்கள் ஓட்டை நீங்களே போட்டுக்கொண்டதில் தப்பில்லை என்றும் சொன்னாள்.

“நான் எங்க எனக்குப் போட்டேன்? நானும் யோதேபாவுக்குத்தான் போட்டேன்.”

மேரே டம்ளரை விட்டுக் கையை எடுத்தாள். “அப்ப அந்த ஒண்ணு யாரோடது? நான் ஒரு வீடு விடலையே. யோதேபா வீட்டுக்கு மட்டும்தான் போகல. நிக்கறவன்கிட்டயே போய் உனக்குப் போட்டுக்கன்னா கேப்பாங்க?”

வாசலில் யாரோ செருமினார்கள். புது எம்.பி. யோதேபா நின்றுகொண்டிருந்தான். வெற்றிக்கு ஊர் சூட்டிய பூவளையம் ஒரு காதுப் பக்கம் சரிந்து கிடந்தது.

“நில்லுன்னு கேட்டீங்க, மறுக்க முடியாம நின்னேன், அண்ணே” என்றான் அழாத குறையாக. “என் ஓட்டத்தான் யாருமே கேக்கலையே, அத உங்களுக்குத்தான் போட்டேன்.”