முட்டியில் பட்ட பந்து

வியாசர்பாடி மைதானத்தில் இப்போதெல்லாம் பந்து வலைக்குள் போனால் மட்டும் கோல் ஆகிவிடாது. கொடுத்த பாஸுக்கும், வலைக்குள் அனுப்பிய அடிக்கும் இயந்திரம் தனித்தனியாக அழகு மதிப்பெண் போடும். இரண்டும் சேர்ந்து நூற்றைத் தொட்டால்தான் கோல்.

இறுதிப் போட்டி முடிய ஒரு நிமிடம் இருந்தது. இரு அணிக்கும் கோல் இல்லை. நடுக்களத்தில் ஆடும் டெல்பினுக்கு முப்பத்தாறு வயது; இதுதான் அவளுடைய கடைசி ஆட்டம். மூன்று பேர் சூழ்ந்து நிற்க, அவள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் குதிகாலால் பந்தைத் தட்டினாள். அது இருவரின் கால்களுக்கு நடுவே புகுந்து, அவள் அணியின் யமுனா ஓடி வரப்போகும் இடத்துக்கு அவளுக்கு முன்பே போய்ச் சேர்ந்தது.

யமுனா ஓடி வந்த வேகத்தில் ஈர மண்ணில் வழுக்கி விழுந்தாள். பந்து அவள் முட்டியில் பட்டு வலைக்குள் உருண்டது.

யாரும் கத்தவில்லை. எல்லோரும் மதிப்பெண் பலகையைப் பார்த்தார்கள்.

பாஸ்: தொண்ணூற்றேழு.

"முட்டில பட்டதுக்கு இன்னாக்கா குடுக்கும்? உன் பாஸ நானே கெடுத்துட்டேன்" என்று தரையில் கிடந்தபடியே யமுனா அழப்போனாள்.

"சும்மா இருடி, பாரு" என்றாள் டெல்பின்.

அடி: மூன்று.

கூட்டிப் பார்க்க எல்லோருக்கும் ஒரு நொடி பிடித்தது. பிறகு மைதானமே அதிர்ந்தது. தோழிகள் டெல்பினைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். சேறு அப்பிய முகத்துடன் யமுனா பின்னாலேயே ஓடினாள்.

"என்னையும் தூக்குங்கடி! அந்த மூணு மார்க்கு என்னுது!"