கேன்சல் கூட்டம்

"உங்க ஆளுங்க எல்லாரும் வந்தாச்சா?"

ஹெட்போனில் அவள் குரல் கேட்டதும் அவன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"பாதிப் பேர் உள்ளே வந்துட்டாங்க. மீதிப் பேர் வந்துட்டிருக்காங்க. கொஞ்சம் பொறுங்க."

ஆளுங்க என்றால் நிஜ மனிதர்கள் இல்லை. புதிதாக வரப்போகும் பஸ் டிக்கெட் சைட் ஒன்று, விடுமுறைக் கூட்டம் மொத்தமும் ஒரே நேரத்தில் வந்து விழுந்தால் தாங்குமா என்று சோதிப்பது அவன் வேலை. அதற்காக ஆயிரக்கணக்கில் பொய் ஆட்களைக் கம்ப்யூட்டரே உண்டாக்கி உள்ளே தள்ளும். அவனுடைய கூட்டம் சீட் பிடிக்க வேண்டும். வேறு ஊரில், பஸ் கம்பெனி ஆபீசில் இருக்கும் அவளுடைய கூட்டம் அந்த சீட்டுகளைக் கேன்சல் செய்ய வேண்டும். இவன் கூட்டத்தின் கடைசி ஆளும் சீட் பிடித்த பிறகே அவள் கூட்டம் கிளம்பலாம். முந்திக்கொண்டால் பிடிக்காத சீட்டைக் கேன்சல் செய்யப் போய் சோதனையே பாழ்.

அதனால் இவன் கூட்டம் முடிகிறவரை இருவரும் லைனில் காத்திருப்பார்கள். அந்தக் கொஞ்ச நேரத்துக்காகத்தான் அவன் இப்போதெல்லாம் காலையில் கண் விழிப்பதே.

"சாப்டீங்களா?"

"ம்."

"இருமல் எப்படி இருக்கு?"

"பரவால்ல. நீங்க கிராஃபைப் பாருங்க."

"பாத்துட்டுத்தான் இருக்கேன். அங்க மழைன்னு நியூஸ்ல சொன்னாங்களே. குடை எடுத்துட்டு வந்தீங்களா?"

 அவள் லைனைக் கட் செய்யவில்லை. அவள் மூச்சு விடுவது மட்டும் கேட்டது. அதுவே அவனுக்குப் போதுமாக இருந்தது.

பக்கத்து சீட்டில் ரிப்போர்ட் தயாரிக்கும் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"வெளியூர் மழையெல்லாம் இங்க உக்காந்தே தெரியுதா அண்ணா? நல்லா வசமா விழுந்துட்டீங்க போலிருக்கே!"

"சும்மா இரும்மா. மைக் ஆன்ல இருக்கு."

அதற்குள் திரை முழுக்கச் சிவப்பு.

"எங்க ஆளுங்க முந்திட்டாங்க போல," என்றாள் அவள். "சாரி."

"அதனால என்ன? மறுபடி ஓட்டுவோம்."

இந்த வாரம் முழுக்க இதே கதைதான். தன் பக்கத்தை அவன் அலசி அலசிப் பார்த்துவிட்டான், தப்பு எதுவும் இல்லை. சோதனை தோற்கும்போதெல்லாம் உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் எட்டிப் பார்த்ததுதான் அவனுக்கு வெட்கமாக இருந்தது.

மேனேஜர் வந்தார். ஆபீசில் எல்லோரும் அவருக்கு வைத்திருந்த பெயர் கழுகு.

"இன்னிக்கும் புட்டுக்கிச்சா? போதும்யா. நாளையிலேருந்து ரெண்டு கூட்டத்தையும் நம்ம மெஷின்லயே போட்டு ஓட்டுங்க. போனும் வேணாம், காத்திருக்கவும் வேணாம்."

அவன் நாற்காலியை விட்டு எழுந்தான்.

"சார், இன்னும் ஒரே ஒரு தடவை..."

"மத்தியானம் ஓட்டிப் பாரு. அதோட சரி. அவங்க ஸ்கிரீனையும் ஷேர் பண்ணச் சொல்லு. எங்க தப்புன்னு தெரியட்டும்." சொல்லிவிட்டு மீட்டிங்குக்குப் போய்விட்டார்.

மத்தியானம் அவளை அழைத்தான்.

"இதுதான் கடைசி. நாளையிலேருந்து எல்லாம் இங்கேயே ஓட்டிடுவாங்களாம். உங்களுக்குத் தொந்தரவு இருக்காது."

மறுமுனையில் இருமல் கேட்டது.

"அப்படியா," என்றாள்.

"உங்க ஸ்கிரீனையும் நாங்க பாக்கணுமாம்."

"பாருங்க."

அவள் திரை அவன் முன்னால் விரிந்தது. பக்கத்து சீட்டுப் பெண்ணும் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தாள். கிராஃப் ஏறத் தொடங்கியது. சொல்ல எவ்வளவோ இருந்தது. எதை முதலில் சொல்வது என்று தெரியாமல், "இன்னும் கொஞ்சம் பேர்தான் பாக்கி," என்றான்.

அப்போது அவள் திரையில் அம்புக்குறி நகர்ந்தது. அவள் கூட்டம் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று எழுதியிருந்த கட்டத்துக்குப் போய், தயங்கி நின்றது. பிறகு அங்கிருந்த எண் அழிந்து பூஜ்யம் விழுந்தது.

திரை முழுக்கச் சிவப்பு.

"அண்ணா! பாத்தீங்களா?" பக்கத்து சீட்டுப் பெண் துள்ளி எழுந்தாள். "அவங்களேதான் நேரத்தை அழிச்சாங்க! இத்தனை நாளும் வேணும்னே கெடுத்திருக்காங்க! இருங்க, சாரைக் கூப்பிடறேன்."

"வேணாம்மா. உக்காரு."

"நாம பாக்கறோம்னு தெரிஞ்சே பண்றாங்க, நீங்க வேணாங்கறீங்க! அப்படி யாருண்ணா அவங்க?"

ஹெட்போனில் குரல் மிக மெதுவாக வந்தது. "தப்பு எங்க பக்கம்தான்னு இப்ப தெரிஞ்சுடுச்சே. அதைக் கேக்கவாவது நாளைக்கும் நீங்க என்னைக் கூப்பிட்டுத்தானே ஆகணும்?"

அவன் மைக்கைக் கையால் மூடிக்கொண்டான். கண் கலங்கியிருந்தது.

"என் பொண்டாட்டிம்மா," என்றான். "கோவிச்சுக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போனதுலேருந்து, இந்த வேலைக்குக் கூப்பிட்டா மட்டும்தான் என் போனை எடுக்கறா."