ஓத வீடு

பதினோராயிரத்து நானூறு. பெயிண்டருக்கு வரவேண்டிய கூலி பாக்கி அது. வீட்டுக்காரர் ஒரு வாரமாக ஒரே பாட்டைத்தான் பாடிக்கொண்டிருந்தார்.

"யாராவது குடி வரட்டும்ப்பா. அட்வான்ஸ் கைக்கு வந்ததும் முதல் ஆளா உனக்குத்தான்."

மூன்றாவது மாடியில் இரண்டு அறை வீடு, நாலு ஜன்னல். வேலைக்கு வந்த முதல் நாளே பெயிண்டர் கேட்டுப் பார்த்தார். ஒற்றை அறையில் மனைவி, இரண்டு பெண் பிள்ளைகளோடு இருந்த அவரை மாதக் கடைசிக்குள் காலி பண்ணச் சொல்லியிருந்தார்கள்.

"எனக்கே குடுங்களேன் சார்."

"வாடகை பதினாலாயிரம். உன் ஏணி, பிரஷ் எல்லாத்தையும் வித்தாலும் ஒரு மாசம் தாங்காது" என்று வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். பெயிண்டரும் கூடச் சிரித்து வைத்தார்.

இன்று வீடு பார்க்க ஆள் வருகிறது என்பதால் வீட்டுக்காரருக்குத் தாராள மனசு. கீழே கடைக்கு போன் போட்டார். "டீ சொல்றேன், உனக்கு?"

"பால் வேணாம், சர்க்கரையும் வேணாம் சார். கறுப்பா, நல்லா ஸ்ட்ராங்கா."

"சர்க்கரை வியாதியா?"

"வர்றதுக்கு முன்னாடியே காவல் சார்."

புருஷனும் பெண்டாட்டியும் கைக்குழந்தையோடு வந்தார்கள். புருஷன் கையில் போன். வாடகைக்கு வீடு எடுப்பவர்கள் ஏமாறாமல் இருக்க என்னென்ன பார்க்கவேண்டும் என்று அதில் பட்டியலே வைத்திருந்தான். குழாயைத் திறந்தான், ஜன்னலைச் சாத்தினான், சுவரைத் தட்டினான்.

"விலை கூடின பெயிண்ட் தம்பி" என்றார் வீட்டுக்காரர். "குழந்தை கிறுக்கினாக்கூட ஈரத்துணியால துடைச்சா போயிடும்."

பட்டியலில் கடைசியாக ஒன்று பாக்கி இருந்தது. அங்கே வேலை செய்கிறவர்களிடம் விசாரிக்க வேண்டும். அவன் பெயிண்டரை ஓரமாக அழைத்தான். "அண்ணே, வீடு எப்படி?"

பெயிண்டர் தலையைச் சொறிந்தார். "என்னைக் கேக்காதீங்க சார். எனக்குக் கூலி பாக்கி இருக்கு."

அதற்குள் பெண்டாட்டி அண்ணாந்து பார்த்துவிட்டாள். கூரையை ஒட்டிய மூலையில், உள்ளங்கை அகலத்துக்குப் பழுப்பாக ஒரு கறை.

"அது என்னண்ணே?"

"மூணு கோட்டு அடிச்சிட்டேம்மா. அடிச்ச மறுநாளே எட்டிப் பாக்குது. மேலே தண்ணித் தொட்டி இருக்கில்ல..."

"ஓதம்!" என்றான் புருஷன். "நல்லவேளை, கேட்டோம்." படியிறங்கும்போது அவன் பட்டியலுக்கு நன்றி சொன்னது மாடி வரைக்கும் கேட்டது.

வீட்டுக்காரர் குதித்தார். "உண்மை பேச உனக்கு வேற நேரமே கிடைக்கலையா? உன் கூலிக்கு நீயே உலை வெச்சுக்கிட்டியே!"

"கைக்குழந்தை சார். பொய் சொல்ல வாய் வரல."

அடுத்து ஒரு ஓய்வுபெற்ற வாத்தியார் வந்தார். அப்புறம் கம்பெனி வேலைக்காரர்கள் நாலு பேர். எல்லாரும் அந்த மூலையைப் பார்த்ததும் செருப்பைத் தேடினார்கள். பெயிண்டர் அலுக்காமல் வெள்ளை அடித்தார். கறையும் அலுக்காமல் திரும்பி வந்தது. வாடகை பன்னிரண்டாயிரம் ஆகி, பத்தாயிரம் ஆயிற்று.

மாதம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது வீட்டுக்காரருக்கு ஒரு யோசனை உதித்தது.

"ஏம்ப்பா, நீ அன்னைக்குக் கேட்டியே... எட்டாயிரத்துக்கு எடுத்துக்கிறியா?"

பெயிண்டர் மூலையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். "ஓத வீடாச்சே சார். வீட்ல என்னைக் கொன்னுடுவா."

"சரி, ஏழு. உன் பாக்கியே அட்வான்ஸு. ஆனா பின்னாடி ஓதம் அது இதுன்னு வந்து நிக்கக் கூடாது."

ஓதம் இருப்பது தெரிந்தேதான் குடி வருகிறேன், எனக்குக் கூலி பாக்கி எதுவும் இல்லை என்று வீட்டுக்காரரே ஒரு தாளில் எழுதினார். பெயிண்டர் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். பதினோராயிரத்து நானூறும் அதோடு தீர்ந்தது. ஓத வீட்டை ஒருவன் தலையில் கட்டிவிட்ட சந்தோஷத்தில் வீட்டுக்காரர் இரண்டிரண்டு படியாக இறங்கினார்.

சாமான் வந்து இறங்கியதும் மனைவி அந்த மூலையைப் பார்த்துவிட்டாள். இடுப்பில் கை வைத்தாள்.

"ஏங்க, சின்னவளுக்கு ஏற்கெனவே இருமல். ஊர் சுவரெல்லாம் பாக்கிற மனுஷனுக்கு இது கண்ணுல படலையா?"

பெயிண்டர் ஒரு துணியை நனைத்துப் பிழிந்தார். ஏணியில் ஏறி அழுத்தி இரண்டு இழுப்பு இழுத்தார். மூலை பளிச்சென்று ஆனது.

வாயைப் பிளந்து நின்றவளிடம் துணியை நீட்டினார்.

"சர்க்கரை போடாத டீதான். எறும்புகூட வராது."