மாப்பிள்ளை அரசமரம்

"துணியைச் சுத்துனா மரம் சாமியாராயிடுமா? இதுதான்யா மூடநம்பிக்கை!"

ஊராட்சித் தலைவர் கோவிந்தராசு கத்தினார். கறுப்புச் சட்டைக்காரர். மேடையேறினால் சாமிகளுக்கெல்லாம் சனி பிடித்துவிடும்.

ஆற்றங்கரை அரசமரம் அவருடைய மணல் லாரிக்குக் குறுக்கே நின்றது. மேட்டூர்த் தண்ணி வருவதற்குள் அள்ளியாகணும். ஆனால் மரம் போனால் கரை போகும். கரை போனால் தெற்குத் தெருக்காரர்களின் வயல் மொத்தமும் முழுகும். அதனால்தான் அந்தத் தெருவில் பிறந்து புத்த பிக்குவாகிப் போன சாமிதுரை திரும்பி வந்து, மரத்துக்குக் காவி சுற்றி, மொட்டைத் தலையோடு அடியில் உட்கார்ந்துவிட்டார்.

"இனிமே இதுவும் ஒரு பிக்குதாங்க" என்றார் சாந்தமாக.

குத்தாலத்திலிருந்து வந்த அறுப்பு ஆட்கள் ரம்பத்தைக் கீழே வைத்தார்கள். "சந்நியாசி மேல கை வைக்க மாட்டோம் தலைவரே. பாவம் பொல்லாதது."

கோவிந்தராசு லேசுப்பட்டவரா? ஒரு வெற்றிலை போடுகிற நேரம்தான் யோசித்தார்.

"சந்நியாசிக்குக் கல்யாணம் ஆயிட்டா சம்சாரிதானே? பக்கத்துலயே வேம்பு நிக்கிது. அரசுக்கும் வேம்புக்கும் கல்யாணம் பண்றது ஊர்ல உள்ளதுதான். என் தலைமையில நடக்கட்டும். நாள், நேரமெல்லாம் பார்க்க மாட்டேன். வர்ற அஷ்டமியிலேயே வைக்கிறேன்!"

"நாள் உங்க இஷ்டம். தாலி என் இஷ்டம்" என்றாள் அவர் மனைவி தர்மாம்பாள். "தாலி இல்லேன்னா பொம்பளைங்க ஒருத்தியும் வர மாட்டா."

தேர்தல் வேறு கிட்டத்தில் இருந்தது. "கட்டித் தொலை" என்றார்.

அஷ்டமியன்று மாப்பிள்ளையின் காவியை அவிழ்த்துப் பட்டு வேட்டி சுற்றினார்கள். மாப்பிள்ளைக்கு அக்காவாக நின்று, வேம்பின் தாலிக்கு மூன்றாவது முடிச்சைத் தர்மாம்பாளே போட்டாள். தலைவர் ஒரு மணி நேரம் பகுத்தறிவு பேசினார். "உச்சிக்கு மேல நான் சாப்பிடக் கூடாதுங்க, சீக்கிரம் முடிங்க" என்று அவசரப்படுத்திய பிக்கு, முதல் பந்தியில் உட்கார்ந்து வடையை ஒரு கை பார்த்தார். மரத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

இலை எடுத்ததும் கோவிந்தராசு கையைத் தட்டினார். "மாப்பிள்ளை இப்போ சம்சாரி. போடுங்கடா ரம்பத்தை!"

தர்மாம்பாள் குறுக்கே வந்து நின்றாள்.

"காலையில தாலி ஏத்தி மத்தியானம் அறுக்கவா? நல்லா இருக்குங்க உங்க நியாயம். தாராளமா வெட்டுங்க. ஆனா முடிச்சுப் போட்டது இந்தக் கை. அவ தாலி இறங்குனா என் தாலி எத்தனை நாளைக்கு நிக்கும்? அதை மட்டும் சொல்லிட்டு வெட்டுங்க."

கோவிந்தராசு மனைவியின் கழுத்தைப் பார்த்தார். தன் நெஞ்சை மெல்லத் தடவிக்கொண்டார். மணல் லாரிக்காரன் ஹாரன் அடித்தான்.

"என்ன தலைவரே, அறுக்கவா?" என்றார் ரம்பக்காரர்.

"வேணாம்யா, வச்சுடு" என்றார் கோவிந்தராசு. "இன்னிக்கு அஷ்டமி."