பனியே, மெல்ல விழு

பிரின்ஸ்டனில் அந்தப் பழைய சர்ச்சின் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்து சேனாபதி அழுதுகொண்டிருந்தான். சத்தம் வராமலிருக்கக் கைக்குட்டையை வாயில் அழுத்தியிருந்தான். அதையும் மீறி ஒரு விம்மல் வெளியே வர, முன்வரிசை வெள்ளைக்காரர் திரும்பிப் பார்த்து ஆறுதலாகத் தலையசைத்தார்.

யாரும் சாகவில்லை. மேடையில் கச்சேரி நடந்துகொண்டிருந்தது. ஹெலன் என்ற பிரிட்டிஷ் இசையமைப்பாளர் எழுதிய பாட்டுகளும், நாலைந்து பேர் சேர்ந்து வாசிக்கும் வாத்திய இசையும்தான் அன்றைய நிகழ்ச்சி.

ஹெலன் அந்த வருஷம் பாடம் நடத்த அமெரிக்கா வந்து, பக்கத்து ஊரான பிளெய்ன்ஸ்பரோவில் சேனாபதியின் அபார்ட்மென்ட் காம்ப்ளெக்ஸிலேயே குடியிருந்தார். குளிர்காலத்தில் ஒருநாள் லாண்டரி ரூமில் சேனாபதியின் மனைவி ஜலஜா, துணி காயும்வரை கைக்குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டியபடி, தானே இட்டுக்கட்டிய தாலாட்டைப் பாடிக்கொண்டிருந்தாள். 'பனியே, மெல்ல விழு. பாப்பா இப்பத்தான் தூங்குறா.'

கூடையோடு வந்த ஹெலன் அப்படியே நின்றுவிட்டார். இதை வைத்து ஒரு பாட்டு எழுதிக்கொள்ளலாமா என்று கேட்டார். ஒரு குரல், கூட ஒரே ஒரு செல்லோ வாத்தியம், வேறு எதுவும் வேண்டாம் என்றார்.

ஜலஜாவுக்குக் கூச்சம். பாடகிக்கு உச்சரிப்புச் சொல்லித்தரும் பொறுப்பைத் தமிழ்ச் சங்கச் செயலாளர் என்ற முறையில் சேனாபதி எடுத்துக்கொண்டான். வார நாட்களில் இரண்டாயிரமாவது வருஷத்துக்காகக் கம்ப்யூட்டரில் தேதி திருத்துகிறவன், சனிக்கிழமைகளில், ஹெலன் போட்ட மெட்டைக் கேட்காமலே, பாடகியின் 'விழு'வில் ழகரத்தைத் திருத்தினான். ஜலஜாவின் பாட்டு மெல்ல மெல்ல 'எங்க வீட்டுப் பாட்டு' ஆனது. சங்கத்துக்கு அனுப்பிய ஈமெயிலில் அது 'என் பாட்டு' ஆகியிருந்தது.

அந்த ஈமெயிலை நம்பித்தான் நம்மவர்கள் கார் காராக வந்தார்கள். வழி தெரியும் என்று முன்னால் போன சேனாபதி ஹைவேயில் எக்ஸிட்டைத் தவறவிட, பின்னால் வந்த அத்தனை பேரும் பயபக்தியோடு அதைத் தவறவிட்டார்கள். சர்ச்சை அடைந்தபோது ப்ரோக்ராம் ஷீட் தீர்ந்துபோயிருந்தது. வாசலைத் தாண்டியதும் குழந்தை ஓவியா வீறிட்டாள்.

"ஏனுங்க, இவளைக் கொஞ்சம் வெளிய வெச்சிருக்கீங்களா? அந்தப் பாட்டு முடிஞ்சதும் நான் வாங்கிக்கறனுங்க."

"நான் உள்ள இல்லாம எப்படி ஜலஜா? எல்லாரும் என்னைத்தான தேடுவாங்க!"

ஜலஜா குழந்தையோடு லாபிக்குத் திரும்பிப் போனாள்.

முதல் பாட்டு ஆரம்பித்தது. பியானோ, இரண்டு வயலின், கிளாரினெட் என்று மேடை நிறைந்திருந்தது. "நம்ம பாட்டுக்குன்னு எக்ஸ்ட்ராவா ஆள் சேர்த்திருக்காங்க சார்" என்று பக்கத்திலிருந்த சங்கத் தலைவர் மகாதேவனிடம் கிசுகிசுத்தான் சேனாபதி.

"இதானாப்பா நம்ம பாட்டு?"

"பின்ன? கடவுள் வாழ்த்து மாதிரி. தமிழைத்தான் மொதல்ல வெப்பாங்க."

"ஒரு வார்த்தைகூட புரியலையே."

"வெஸ்டர்ன் ஸ்டைல் சார். கண்ணை மூடிட்டு ஃபீல் பண்ணணும்."

தலைவர் கண்ணை மூடிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில், "ஆமாப்பா, 'பாப்பா' கேட்டுச்சு!" என்றார். அவர் மனைவி புஷ்பவல்லிக்குப் 'பனி'யும் கேட்டது. பிறகு பாடகி குரலை உயர்த்தி எதையோ நீட்டி இழுத்தபோது, அது தன்னுடைய ழகரம்தான் என்று சேனாபதிக்கு உறுதியாகிவிட்டது. அப்போது ஆரம்பித்ததுதான் அந்த அழுகை.

இடைவேளையில் லாபி முழுக்கத் தமிழாக இருந்தது. ஆளாளுக்குச் சேனாபதியின் கையைக் குலுக்கினார்கள். "தமிழ் என்னிக்கும் சாகாது" என்றார் மகாதேவன், குரல் தழுதழுக்க.

ஓரத்து பெஞ்சில், தூங்கிவிட்ட ஓவியாவை மடியில் கிடத்தியபடி ஜலஜா உட்கார்ந்திருந்தாள். "முடிஞ்சுருச்சுங்களா?"

"முடிஞ்சுருச்சு. நீ கேட்டிருக்கணும் ஜலஜா! அந்த ழ இருக்கே, அந்த ழ... என்னால தாங்கவே முடியல. அழுதுட்டேன்."

ஜலஜா குழந்தையின் குல்லாவைச் சரிசெய்தாள். அது ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது.

"அந்த ஒரு பாட்டைக் கேக்கத்தாங்க வந்தேன்" என்றாள்.

இத்தனை நாளில் அவளுக்கும் அதைக் கேட்க ஆசை இருக்கும் என்று சேனாபதிக்குத் தோன்றியதே இல்லை. கேசட் கிடைக்குமா என்று விசாரிப்பதாக முணுமுணுத்தான்.

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஹெலன் அவசரமாக வந்தார். நீட்டிய கைகளையெல்லாம் தாண்டி நேராக ஜலஜாவின் கையைப் பிடித்தார்.

"உங்களை எங்கெல்லாம் தேடுவது! முன்வரிசையில் இடம் வைத்திருக்கிறேன், வாருங்கள்" என்றார் ஆங்கிலத்தில். "இதுவரை பாடியதெல்லாம் என் ஊர் வேல்ஸ் மொழிப் பாட்டுகள். உங்கள் தாலாட்டு இனிமேல்தான்."

மகாதேவன் சர்ச்சின் கூரை வேலைப்பாட்டை ஆராயத் தொடங்கினார். புஷ்பவல்லிக்குத் திடீரென்று காபி தேவைப்பட்டது.

சேனாபதி குனிந்து இரண்டு கைகளையும் நீட்டினான். "குடு. நான் வெளிய பாத்துக்கறேன். நீ போ."

ஜலஜா குழந்தையை அவன் தோளில் சாய்த்துவிட்டு, புடவையை நீவிக்கொண்டு ஹெலனோடு நடந்தாள். கதவருகே போனதும் நின்று திரும்பிப் பார்த்தாள்.

"ஏனுங்க... அப்ப நீங்க எதுக்குங்க அழுதீங்க?"