யாரும் பேசாத பிற்பகல்

எட்டாவது இன்னிங்ஸை முடித்துவிட்டு வந்த வெர்னன், பெஞ்சின் கோடியில் போய் உட்கார்ந்தான். அங்கே இருந்த இரண்டு பேரும் எழுந்து இந்தப் பக்கம் வந்துவிட்டார்கள்.

யாரும் அவனைப் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது.

எதிரணியில் ஒருவன்கூடப் பந்தை அடித்து ஓடி, முதல் பேஸ் என்கிற முதல் தளத்தை எட்டாமல் ஆட்டம் இவ்வளவு தூரம் வந்துவிட்டால், பந்து வீசும் அந்தப் பிட்சரிடம் வாயைத் திறக்கக் கூடாது. பக்கத்தில் உட்காரக் கூடாது. தண்ணீர் வேண்டுமா என்றுகூடக் கேட்கக் கூடாது. எவனாவது பேசினால் அதோடு எல்லாம் போச்சு. பேஸ்பால் ஆடுகிறவன் யாருக்கும் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அதுவும் எங்களுக்கு. ஏப்ரலில் தொடங்கி இந்தச் செப்டம்பர் ஞாயிறு வரை ஊர் ஊராகப் போய் வாங்கிக் கட்டிக்கொண்டு வந்த அணி ஹெரன்ஸ். உள்ளூர்ப் பத்திரிகை ஜூலையோடு எங்கள் படத்தைப் போடுவதை நிறுத்திவிட்டது. நிழலுக்கும் ஹாட் டாகுக்கும்தான் ஜனங்கள் வந்தார்கள்.

இன்று சீசனின் கடைசி ஆட்டம். மிச்சம் இருக்கும் ஒரே இன்னிங்ஸில் இன்னும் மூன்று பேரை வெர்னன் இதேபோல வெளியேற்றிவிட்டால், கடைசி இடத்தில் முடித்தாலும் காலத்துக்கும் சொல்லிக்கொள்ள எங்களுக்கு ஒன்று கிடைத்துவிடும்.

நான் அவனுடைய கேட்சர். சீசன் முழுக்க அவன் வீசியதைப் பிடித்தவன். எப்படி வீச வேண்டும் என்று நான் விரலால் காட்டும் எதையும் அவன் லேசில் ஒப்புக்கொள்ள மாட்டான். தலையாட்டி மறுப்பான், நின்று வீசும் மேட்டைச் சுற்றி நடப்பான், தொப்பியைக் கழற்றி மாட்டுவான். பார்க்கிறவனுக்குக் கொட்டாவி வந்துவிடும்.

இன்று அதெல்லாம் இல்லை. காட்டியதை வீசினான். பந்து கைக்குத் திரும்பியதும் அடுத்ததை வீசினான். அவனுக்குச் சாமி வந்துவிட்டது என்றே நாங்கள் நினைத்தோம்.

சிக்கல் ஐந்தாவது இன்னிங்ஸில் வந்தது. டிக்கெட் கொடுக்கும் அம்மா வேலியோரம் வந்து மேனேஜர் ஹார்லனைக் கூப்பிட்டாள். வெர்னனின் மனைவி டெலியாவுக்கு வலி எடுத்துவிட்டது. குறித்த நாளுக்கு முன்னாடியேதான். ஆனால் பயப்பட ஒன்றுமில்லை, ஆஸ்பத்திரிக்கு அவள் அக்கா கூடப் போயிருக்கிறாள், ஆட்டம் முடிந்ததும் அவனை அனுப்பினால் போதும்.

ஹார்லன் ஸ்கோர்போர்டைப் பார்த்தார். விஷயத்தை அப்படியே முழுங்கிவிட்டார். எங்களிடம் மட்டும் காதோடு காதாகச் சொன்னார்.

"பிள்ளை எப்படியும் பிறந்துடும். இந்த மாதிரி ஆட்டம் இன்னொண்ணு வராது. எவனாவது வாயைத் திறந்தீங்க, தோலை உரிச்சுடுவேன்."

நாங்கள் திறக்கவில்லை. நானும்தான்.

இப்போது எங்கள் ஆட்கள் மட்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். வெர்னன் தோளில் துண்டோடு, கையில் காகிதக் கோப்பையோடு இருந்தான். கோப்பையில் தண்ணீர் ஆடிக்கொண்டே இருந்தது.

கை ஓய்ந்துவிட்டது என்று முதலில் நினைத்தேன். பிறகுதான் அவன் எங்கே பார்க்கிறான் என்று பார்த்தேன். வலைக்குப் பின்னால், மூன்றாவது வரிசையில், டெலியா எப்போதும் உட்காரும் இடம். காலியாக இருந்தது.

நான் எழுந்தேன். ஹார்லன் என் பெல்ட்டைப் பிடித்து இழுத்தார். உதறிவிட்டுப் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். பெஞ்ச் முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டது.

"வெர்னன், டெலியாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருக்காங்க."

"தெரியும்." அவன் என் பக்கம் திரும்பவில்லை. "சீட் காலியானதைப் பார்த்தேன். அப்புறம் நீங்க எல்லாரும் என் மூஞ்சியைப் பார்க்காம ஒதுங்கினதையும் பார்த்தேன். போன தடவை மாதிரியே குழந்தை போயிடுச்சா? கேட்கப் பயமா இருந்துச்சுடா. வீசிட்டே இருந்தா யாரும் வந்து சொல்ல மாட்டாங்கன்னு வீசிட்டே இருந்தேன்."

நான்கு இன்னிங்ஸாக இவன் இதைச் சுமந்துகொண்டு வீசியிருக்கிறான். நாங்கள் சாமி வந்துவிட்டது என்று புளகாங்கிதப்பட்டுக்கொண்டிருந்தோம்.

டெலியா நன்றாக இருக்கிறாள், வலி மட்டும்தான், ஒன்றும் ஆகவில்லை என்று சொன்னேன். அவன் நம்பவில்லை. அப்படியென்றால் ஏன் எல்லோரும் துக்க வீட்டில் உட்கார்ந்த மாதிரி இருக்கிறீர்கள் என்று கேட்டான்.

இன்னும் எவனும் அடிக்கவில்லை என்பதை மட்டும் என்னால் வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை. அவன் தாடையைப் பிடித்து ஸ்கோர்போர்டின் பக்கம் திருப்பினேன்.

எதிரணியின் பெயருக்கு நேரே வரிசையாகப் பூஜ்யம். அடித்த கணக்கிலும் பூஜ்யம்.

வெர்னன் வெகுநேரம் பார்த்தான். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டான். மறுபடி துடைத்துக்கொண்டான்.

"இதுக்கா?" என்றான்.

அதே துண்டால் என்னை ஓங்கி ஒன்று போட்டான். வலித்தது. இந்த சீசனில் அவ்வளவு சந்தோஷமாக நான் எதையும் வாங்கிக் கட்டிக்கொள்ளவில்லை.

ஒன்பதாவது இன்னிங்ஸ். குந்தி உட்கார்ந்து ஒரு விரலைக் காட்டினேன்.

மாட்டேன் என்று தலையாட்டினான். அன்று முதல் முறையாக.

மேட்டைச் சுற்றி நடந்தான். தொப்பியைக் கழற்றி மாட்டினான். இன்னொன்று காட்டினேன், அதற்கும் மாட்டேன் என்றான். மூன்றாவதற்குத்தான் மனம் வந்தது.

நிதானமாக வீசினான். மட்டை பிடித்தவன் அதை ஓங்கி அடித்தான். பந்து இரண்டு பேருக்கு நடுவில் புகுந்து புல்லில் ஓடியது. அடித்தவன் முதல் தளத்தில் போய் நின்றான்.

மைதானமே வாயடைத்துப் போனது. எங்கள் பெஞ்சின் பக்கம் திரும்ப எனக்குத் தைரியம் வரவில்லை. மேட்டில் வெர்னன் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான்.

முதலில் வந்தது ஹார்லனின் குரல்தான்.

"வெர்னன், தண்ணி வேணுமாடா?"